தண்ணீர் முறை

ஒவ்வொரு வருடமும் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த சில வாரங்களில் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் பழைய தெருமுனையில் என் முகம் தொங்கும். ஃபிளெக்ஸ் பேனரில், அசலைவிட நன்றாக வெளுத்து. பக்கத்தில் 'உழைப்பால் உயர்ந்த நம் தெருவின் மகள்' என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதியிருப்பார்கள். நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கும் தெருச் சங்கத்தார் என்னைக் கல்யாண மண்டபத்துக்கு வரவழைத்து, சால்வை போர்த்தி, தலையில் மைசூர் பேட்டா என்கிற ஜரிகைத் தலைப்பாகையை வைத்து, பழக்கூடையைக் கையில் கொடுத்து, நாலு வார்த்தை பேசச் சொல்வார்கள். பேட்டா எனக்கு எப்போதும் பெரிது. கண்வரைக்கும் இறங்கிவிடும். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே நான் உழைப்பைப் பற்றிப் பேசுவேன்.

அந்தப் பேனரைக் கட்டும் கம்பத்துக்கு எதிர்ச் சந்தில்தான் என் அக்கா குடியிருக்கிறாள். காலையில் கார்மெண்ட்ஸ் வேனுக்கு அவள் காத்து நிற்பதும் அந்தக் கம்பத்தடியில்தான். சட்டைக்குக் காலர் வைத்துத் தைப்பது அவள் வேலை. மணிக்கு இத்தனை என்று டார்கெட் உண்டு. பாத்ரூம் போய் வந்தால் டார்கெட் போய்விடும் என்று தண்ணீர் குடிக்காமலே உட்கார்ந்து தைத்து, சிறுநீரகத்தில் கல் வந்தது. கண்ணாடியின் பவர் ஏறிக்கொண்டே போகிறது. உழைப்பால் உயர்வது என்று ஒன்று இருக்குமானால் அவள் முகம்தான் அந்தக் கம்பத்தில் தொங்க வேண்டும். இதை நான் தன்னடக்கத்துக்காகச் சொல்லவில்லை. எனக்குத் தன்னடக்கம் அவ்வளவாகக் கிடையாது.

அக்கா என்னைவிட ஒரு வயது மூத்தவள். ஆனாலும் அம்மா எங்கள் இருவரையும் ஒரே நாளில் ஒரே வகுப்பில் சேர்த்துவிட்டார். அப்பா அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். அம்மாவுக்கு மாநகராட்சியில் தெருக்கூட்டும் வேலை. விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். ஒருத்திக்கு ஒருத்தி துணையாகப் போய் வரட்டும் என்று அவர் நினைத்ததால், டிகிரி முடிக்கும்வரை நானும் அக்காவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் எப்போதும் முதல் மூன்று பேரில் இருப்பாள். நான் அவள் சொல்லிக்கொடுத்ததால் பாஸாவேன். இங்கிலீஷ் பேப்பரை வாசலில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள். தெருவில் போகிறவர்கள் கிண்டல் செய்தால் இன்னும் சத்தமாகப் படிப்பாள். எனக்கு வெட்கமாக இருக்கும், உள்ளே போய்விடுவேன். உள்ளேயும் கேட்கும். அப்படிக் காதில் விழுந்ததுதான் எனக்கு வந்த இங்கிலீஷ்.

எங்கள் காம்பவுண்டில் நாலு வீட்டுக்கு ஒரே குழாய். ஒன்றுவிட்டு ஒரு நாள் காவேரித் தண்ணீர் வரும். எத்தனை மணிக்கு வரும் என்பது திறந்துவிடுகிறவருக்கே தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். வந்தால் கொஞ்ச நேரம்தான். ஆள் நிற்கவில்லையென்றால் அடுத்த வீட்டுக்காரர் குடம் உள்ளே நுழைந்துவிடும், அப்புறம் இரண்டு நாளைக்கு யாரிடமாவது கையேந்த வேண்டும். அதனால் வீட்டில் முறை வைத்திருந்தோம். ஒரு தண்ணீர் நாள் எனக்கு, அடுத்தது அக்காவுக்கு. முறையை மாற்றிக்கொள்ளவே கூடாது என்பது அம்மாவின் சட்டம். மாற்றிக்கொண்டால் யார் யாருக்குப் பாக்கி என்று சண்டை வருகிறது, வேலையிலிருந்து வந்து உங்கள் பஞ்சாயத்தைத் தீர்க்க என்னால் முடியாது என்பார். ஜுரமென்றாலும் பரீட்சையென்றாலும் முறை முறைதான்.

டிகிரி முடித்த கோடையில் பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. ஓசூர் ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த கால் சென்டரில் ஆள் எடுக்கிறார்கள், ஏதாவது ஒரு டிகிரி போதும், குறிப்பிட்ட ஒரு நாளில் மட்டும் நேரில் வரலாம். பார்த்தது அக்கா. இண்டர்வியூவில் முதலில் உன்னைப் பற்றிச் சொல் என்றுதான் கேட்பார்களாம் என்று எங்கோ விசாரித்து வந்ததும் அவள். எங்கள் இருவருக்கும் அந்தப் பதிலை அவளே இங்கிலீஷில் தயார் செய்தாள். ஊர், படிப்பு, அம்மா வேலை எல்லாம் ஒன்றுதான். பொழுதுபோக்கு மட்டும் அவளுக்குப் பேப்பர் படிப்பது, எனக்குச் சமையல். எனக்குச் சமையலே வராது. சொல்லிக் காட்டச் சொல்லி என்னை விரட்டிக்கொண்டே இருந்தாள். தப்பாகச் சொன்னால் தலையில் குட்டுவாள்.

இண்டர்வியூ நாள் தண்ணீர் நாளாக அமைந்தது. முறை அக்காவுடையது. முந்தின தடவை எங்கேயோ பைப் உடைந்து தண்ணீரே வரவில்லை. டிரம்மில் அடித்தண்ணீர் மட்டும் கிடந்தது, அதனால் அன்றைக்கு விட்டால் சோறாக்கக்கூடத் தண்ணீர் இருந்திருக்காது. இருவரும் இருந்த நல்ல சுடிதார்களைப் போட்டுக்கொண்டு, தலைவாரி, குழாயடியில் காத்திருந்தோம். தண்ணீர் வரவில்லை. பஸ் மாறி மாறிப் போக வேண்டிய தூரம். நேரம் ஆகிக்கொண்டே இருந்தது.

"நீ முன்னாடி போ" என்றாள் அக்கா. "தண்ணி வந்ததும் பிடிச்சி வெச்சிட்டு பின்னாடியே வந்துர்றேன்."

"ரெண்டு பேரும் சேந்தே போலாமே."

"ரெண்டு பேரும் லேட்டாப் போய் இன்னா பண்றது? போடி."

போனேன். அவள் தயார் செய்து கொடுத்ததை அவள் குரலிலேயே சொன்னேன். எதிரில் உட்கார்ந்திருந்த பெண் சிரித்துவிட்டு, உனக்கு என்ன சமையல் பிடிக்கும் என்று கேட்டாள். கத்தரிக்காய்க் குழம்பு என்று ஏதோ உளறினேன். மதியமே என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அக்காவுக்குத் தண்ணீர் வந்தது பதினோரு மணிக்கு மேல். டிரம்மை நிரப்பிவிட்டு, சுடிதாரின் கால் பகுதி நனைந்தபடியே ஓடி வந்திருக்கிறாள். கேட்டில் செக்யூரிட்டி, "ஆயித்து, ஹோகம்மா" என்று, எல்லாம் முடிந்துவிட்டதாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். நான் வெளியே வந்தபோது எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். அவளுக்குச் சந்தோஷம்தான், பொய்யில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாத்தையும் ஒழுங்காச் சொன்னியா என்றுதான் முதலில் கேட்டாள்.

மறுபடியும் ஆள் எடுப்பார்கள் என்றார்கள், எடுக்கவில்லை. வேறு இடங்களுக்கு அவள் போய்க்கொண்டிருந்த சமயத்தில் அம்மா வண்டி இடித்து இடுப்பு உடைந்து படுத்துவிட்டார். நான் இரவு வேலைக்குப் போய்ப் பகலில் தூங்குகிறவள். அம்மாவைத் தூக்கிவிட ஆள் வேண்டும், சாயங்காலம் வீடு திரும்பும்படியான வேலையும் வேண்டும். சும்மா கொஞ்ச நாளைக்கு என்று அக்கா பக்கத்துக் கார்மெண்ட்ஸில் சேர்ந்தாள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. அம்மா போய்ச் சேர்ந்தார். அக்காவுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் பிறந்தாள். அக்காவின் புருஷன் லாரி ஓட்டிப் போன ஊரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான்.

நான் உழைக்கவில்லை என்று சொன்னால் அது வேறொரு பொய். வருடக்கணக்காக இரவைப் பகலாக்கி, யாரோ எந்த நாட்டிலிருந்தோ திட்டியதையெல்லாம் சிரித்த குரலில் வாங்கிக்கொண்டு, முடி கொட்டி, வயிறு கெட்டு, டீம் லீடாகி, மேனேஜராகி, எலெக்ட்ரானிக் சிட்டியில் பதினோராவது மாடியில் வீடு வாங்கினேன். எங்கள் வீட்டுக் குழாயை எப்போது திறந்தாலும் தண்ணீர் வரும். ஆனால் அந்த உழைப்பைக் காட்ட எனக்கு ஒரு வாசல் திறந்தது. வாசலுக்கு வெளியே நின்றவளும் அதே அளவு உழைத்தாள், அதற்குக் காலர்கள் மட்டும்தான் மிஞ்சின. ஆபீஸில் யாராவது 'நான் சுயமாக முன்னுக்கு வந்தவன்' என்று ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த எரிச்சலோடுதான் வருடா வருடம் மண்டபத்துக்குப் போய் அதையே நானும் பேசிவிட்டு வருவேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வேறு எதைப் பேசுவது?

அக்கா மகள் பத்தாவதில் தெருவிலேயே முதலாக வந்த வருடம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவை நீ என்பாள், என்னை நீங்க என்பாள். அந்த வித்தியாசத்தை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என் பேச்சை போனில் பதிவு செய்தாள். அன்றைக்கு எனக்கு வேகம் கொஞ்சம் கூடிவிட்டது. ஜுரத்தோடு நைட் ஷிஃப்ட் போன கதையைச் சொன்னேன். உழைத்தவர் யாரும் கெட்டுப்போனதில்லை, கிடைக்கவில்லையென்றால் உழைப்பு போதவில்லை என்று அர்த்தம் என்றேன். நல்ல கைதட்டல்.

விழா முடிந்து அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். அவள் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தாள். மகள் தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏம்மா, நீயும் சித்தியும் ஒரே கிளாஸ்தானே. அப்ப நீ ஏன் உழைக்கல?"

கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வாயைத் திறந்தேன். அக்கா கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

"எனக்குப் படிப்பு மேல அவ்ளோ இஷ்டமில்லடி. சோம்பேறி. எட்டு மணி வரைக்கும் தூங்குவேன். உங்க சித்தி அப்பிடியில்ல."

மகள் தலையாட்டினாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது. கை கழுவப் போன சாக்கில் அக்காவைச் சமையல்கட்டில் பிடித்தேன். உனக்குப் பைத்தியமா, நிஜத்தை நான் சொல்கிறேன் என்றேன். அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது குறைவு. அன்றைக்குப் பார்த்தேன்.

"இன்னா சொல்லுவ? அன்னைக்கு தண்ணி லேட்டா வந்திச்சி, அதான் உங்கம்மா இப்பிடிக் கிடக்கிறான்னு சொல்லுவியா? அதைக் கேட்டா அவ நாளைக்கு புக்கை எடுப்பாளா? நான் சோம்பேறியாவே இருந்துட்டுப் போறேன். அவ வாயில உழைப்புன்னு ஒண்ணு இருக்கட்டும். நீ உன் வேலையைப் பாரு."

பெண்ணின் படிப்புதான் அவளுக்கு இருந்த ஒரே பிடி. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பேசும்போது நான் எதைச் சொல்லி எதிர்ப்பது? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அதற்கப்புறம் அந்தப் பெண் படித்த படிப்பை நான் யாரிடமும் பார்த்ததில்லை. பத்தாவதுக்கு மேல் பி.யு.சி. இரண்டு வருடமும் வீட்டில் டிவி ஓடவில்லை. நுழைவுத் தேர்வில் நல்ல ரேங்க் வாங்கினால் அரசு ஒதுக்கீட்டில் இஞ்சினியரிங் சீட் கிடைக்கும், அது ஒன்றுதான் குறி. தூக்கம் வந்தால் என் பேச்சைப் போட்டுக் கேட்பதாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவிடம் அன்பாகத்தான் இருந்தாள். ஆனால் அந்த அன்பில் கொஞ்சம் இரக்கம் கலந்திருந்தது, சரியாகப் படிக்காத பெரியவர்களிடம் படித்த பிள்ளைகள் காட்டுகிற இரக்கம். அக்கா அதையும் ஏற்றுக்கொண்டாள். ஒரே ஒரு விஷயத்தில்தான் அக்காவிடம் பிடிவாதம். தண்ணீர் வரும் நாளில் மகள் குடத்தைத் தொடக்கூடாது. அக்கா கல் வலியில் துடித்துக்கொண்டிருந்த நாளில்கூட, "நீ வெக்கிறியா இல்லியா, போய்ப் படி" என்று பிடுங்கிக்கொண்டு இடுப்பைப் பிடித்தபடி நின்றாள். அம்மா ஏன் இப்படி பேஜார் பண்ணுகிறாள் என்று மகளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

தேர்வுக்குக் கொஞ்ச நாள் முன்னால் எங்கேயோ பள்ளம் தோண்டும்போது குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்துவிட்டது. தண்ணீர் கலங்கலாகக்கூட வரவில்லையாம், லேசான வாடை மட்டும். அக்கா காய்ச்சித்தான் கொடுப்பாள். எந்த டம்ளரில், எந்தக் கையில் வந்ததோ, காம்பவுண்டில் மூன்று வீட்டில் டைஃபாய்டு. எங்கள் பெண்ணும் விழுந்தாள். எந்த வழியிலாவது இந்தத் தண்ணீர் எங்களைத் தேடிக்கொண்டு வரும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தேர்வுக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். ட்ரிப்ஸ் ஏற்றிய கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. கணக்குப் பேப்பரில் பாதியில் கண் இருட்டி மேசையில் சாய்ந்துவிட்டாள். எழுப்பித் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். மீதியை என்ன எழுதினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ரிசல்ட் வந்த அடுத்த நாள் காலையில் அங்கே போனேன். தண்ணீர் நாள். அக்கா வாசலில் குடங்களை வரிசை வைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் தேறாத உடம்போடு மகள் கட்டிலில் உட்கார்ந்து போனை என்னிடம் நீட்டினாள். அந்த ரேங்குக்கு எந்தச் சீட்டும் வராது.

"அடுத்த வருஷம் திரும்ப எழுதலாம்மா" என்றேன்.

"வேணாம் சித்தி. எனக்கு அவ்ளோதான் வரும்."

"டைஃபாய்டுல எழுதியிருக்கே. யாரா இருந்தாலும் இவ்ளோதான் முடியும்."

"நீங்க ஜுரத்தோடதானே வேலைக்குப் போனீங்க?"

பணம் கட்டி நான் சேர்க்கிறேன், எந்தக் காலேஜ் வேண்டும் சொல் என்றேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், அந்த மாதிரி ஒரு சிரிப்பை அந்த வயதில் யாரும் சிரிக்கக்கூடாது.

"உழைக்காம வாங்குற சீட்டா? நீங்களே இப்பிடிச் சொல்லலாமா? விடுங்க சித்தி. நான் அம்மா மாதிரி. சோம்பேறி ரத்தம்."

ரத்தம் எந்த குரூப் என்று கேட்டால் சொல்வது போல, சாதாரணமாகச் சொன்னாள். அக்கா கையில் குடத்தோடு நிலைப்படியில் நின்றிருந்தாள், கேட்டுவிட்டாள். நான் அவளைப் பார்த்தேன். சொல்லு என்பது போலத் தலையசைத்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பர் விளம்பரம், அக்கா தயார் செய்து கொடுத்த பதில், முறை மாற்றக்கூடாத சட்டம், காலியாகக் கிடந்த டிரம், நனைந்த சுடிதார், கேட்டில் நின்ற செக்யூரிட்டி. அன்றைக்கு என் முறையாக இருந்திருந்தால் உங்கம்மா பதினோராவது மாடியில் இருந்திருப்பாள், நான் காலர் தைத்துக்கொண்டிருப்பேன் என்றேன். 

"ஆறுதலுக்குச் சொல்றீங்க" என்றாள் மகள்.

"நிஜம்தாண்டி" என்றாள் அக்கா. வாழ்நாளெல்லாம் உழைத்த கை, குடத்தின் கழுத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. "நான் சோம்பேறி இல்லடி. உன்கிட்ட பொய் சொன்னேன்."

"எப்ப சொன்னது பொய்? அன்னைக்கா, இன்னைக்கா?"

மகள் என் கையிலிருந்த போனை வாங்கிக் கட்டிலில் கவிழ்த்து வைத்தாள்.

"சரி, நிஜம்னே வெச்சிக்கலாம். தண்ணிதான் எல்லாம்னா, நான் எதுக்கு இவ்ளோ நாளா தூங்காம படிச்சேன்?"

நாங்கள் இருவரும் அவளைப் பெற்றவளும் வளர்க்க உதவியவளும். எந்தக் கதையை அவள் நம்பினாலும் அதில் அவளுக்கு ஒன்றுமில்லாமல் செய்து வைத்திருந்தோம்.

வெளியே குழாயில் காற்று சீறியது. பக்கத்து வீட்டுக் குடம் நகரும் சத்தம் கேட்டது. அக்கா திரும்பினாள். அதற்குள் மகள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தள்ளாடி வந்து, அம்மாவின் கையிலிருந்த குடத்தைப் பற்றினாள்.

"நீ உக்காரும்மா. இனிமே நான் பிடிக்கிறேன்."

அக்கா விடவில்லை. ஒரு குடத்தை இரண்டு பேரும் பிடித்தபடி நிலைப்படியில் நின்றார்கள். வெளியே தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டது. அக்கா என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், பிறகு கையை எடுத்துவிட்டாள்.